படகுத்துறை மணி

அத்தியாயம் 9

படம் பார்த்து மூன்று நாளாகியும் வெர்ஜிலின் காதில் அந்தச் சிரிப்புதான் கேட்டுக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஊர்க் கூடத்தில் பீன்ஸும் பழுப்பு ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, கோட்டில் ஏரி என்ற அந்த ஊரின் ஆட்கள் எல்லோரும் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்த ஆவணப்படம் அது. பூமியின் பருவநிலை மாறுகிறது என்பதற்கு அறிவியல் என்னென்ன ஆதாரம் வைத்திருக்கிறது என்று ஒன்றரை மணி நேரம் காட்டினார்கள். துருவத்துப் பனியைத் துளைத்தெடுத்த நீள உருளைகள், அவற்றுக்குள் சிக்கிக்கொண்ட பழைய காற்றின் குமிழிகள், கடல் சூடேறியதைக் காட்டும் கோடுகள். கடைசி இருபது நிமிடம் மெய்ன் மாநிலத்தின் வடக்கு மூலையில் கிடக்கும் இவர்களுடைய ஏரி. அதைப் பற்றிப் பேசியவன் லோவெல்.

அந்தப் பகுதியில்தான் திரையில் ஒரு பழைய புகைப்படம் வந்தது. உறைந்த ஏரியின் நடுவில் சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண், அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, படமெடுப்பவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். இருபது வயதிருக்கும்.

“என் ஆராய்ச்சிக்குக் கிடைச்ச முதல் உதவியாளர்” என்றது லோவெலின் குரல்.

இருட்டில், வெர்ஜிலுக்குப் பக்கத்து நாற்காலியில், அதே பெண் அதே மாதிரி சிரித்தாள். ரோவீனா. அவனுடைய மனைவி. இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் அந்தச் சிரிப்பை அவன் கேட்டதில்லை.

லோவெலைப் பற்றி அவள் முன்பு சொன்னதெல்லாம் ஒரே வரிதான். “காலேஜ்ல இருந்து ரெண்டு குளிர்காலம் வந்து, ஐஸை அளந்துட்டுப் போன பையன்.” அளவுகோலை யார் பிடித்தார்கள் என்று அவள் சொல்லவில்லை. அவனுக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

அதையாவது விழுங்கியிருப்பான். ஆனால் லோவெல் அதோடு விடவில்லை. படகுத்துறையில் தொங்கும் வெண்கல மணியைத் தொட்டுக்கொண்டு, “ஒரு வருஷம் ரோவீனாவோட அப்பா என்னையே இதை அடிக்க விட்டார்” என்று சொன்னான்.

ஊரில் அந்த மணிக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு வசந்தத்திலும் ஏரியின் பனி உடைந்ததும், அதற்கென்று இருக்கும் ஒருவர் படகுத்துறையிலிருந்து எதிர்க்கோடி அணை வரை படகோட்டிப் போக வேண்டும். வழியில் பனி தடுக்காமல் போய்த் திரும்பினால் ஏரி திறந்துவிட்டது என்று பொருள். திரும்பி வந்து மணியை மூன்று முறை அடிப்பார். மூன்றுதான், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்தத் தேதி ஊர்க் கணக்கில் ஏறும். நூற்று முப்பது வருஷமாக இப்படி. லோவெலின் படத்தில் கோடாக இறங்கிக்கொண்டே வந்ததும் இந்தத் தேதிகள்தான். தாத்தாக்கள் காலத்தில் மே முதல் வாரம், பிறகு ஏப்ரல் கடைசி, இப்போது ஏப்ரல் தொடக்கம், சில வருஷம் மார்ச்.

ரோவீனாவின் அப்பா நாற்பது வருஷம் அந்தப் பொறுப்பில் இருந்தார். மருமகனாக வந்த வெர்ஜில் வருஷா வருஷம் படகுக்குப் பெட்ரோல் ஊற்றினான், மோட்டாரைக் கழுவினான், துறையில் நின்று கயிறு பிடித்தான். மணிக்கயிறு அவன் கைக்கு வந்தது மாமனாரை அடக்கம் செய்த பிறகுதான். பதினோரு வருஷம் காத்திருந்து வாங்கிய கயிறு. அதை எவனோ ஒரு கல்லூரிப் பையன் ரெண்டாவது குளிர்காலத்திலேயே பிடித்து இழுத்திருக்கிறான்.

படத்தின் கடைசியில் லோவெல் சொன்ன இன்னொரு வாக்கியமும் வெர்ஜிலுக்கு ஞாபகம் இருந்தது. “இந்த ஏரியில நூத்தி முப்பது வருஷமா பொய் சொல்லாத ஆட்கள் இருந்திருக்காங்க. என்கிட்ட இருக்கிற ஆதாரத்துலயே பலமானது அதுதான்.” எல்லோரும் வெர்ஜிலைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அப்போது அவன் ரோவீனாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்று செவ்வாய்க்கிழமை. மார்ச் பதினாறு. ராத்திரி முழுக்கத் தெற்குக் காற்றும் வெதுவெதுப்பான மழையும். விடிந்தபோது ஏரியின் சாம்பல் பனி கறுத்துக் கிடந்தது, கரையோரம் ஒரு ஆள் அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. இதுவரை மிகச் சீக்கிரமாகத் திறந்த தேதி மார்ச் இருபத்திரண்டு. அதை மாற்றி எழுத வேண்டிய வேலை தன் தலையில் விழப்போகிறது என்று வெர்ஜிலுக்குப் புரிந்தது.

*

ஹர்லனின் கடையில் தூண்டில் புழுவும் கிடைக்கும், காபியும் கிடைக்கும், காலையில் எந்த விஷயத்திலும் ஒரு சண்டையும் கிடைக்கும். மூன்று நாளாக அந்தப் படம்தான் சண்டை.

ஹர்லனுக்குப் படம் அடியோடு பிடிக்கவில்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பிப்ரவரியில் பனி மூன்றடி கெட்டியாக இருந்தது என்றும், தன் டிரக்கையே ஏரி மேல் ஓட்டிக்கொண்டு போனதாகவும், அன்றைக்கு இந்தப் படக்காரர்கள் யாரையும் காணோம் என்றும் சொன்னான். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் அம்மாள் காபியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள். ஒரு வருஷத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஐம்பது வருஷத்தைச் சேர்த்துப் பார் என்பதுதானே படம் சொன்னது. அவளுடைய அப்பா மீன்பிடிக் குடிசையை ஏப்ரல் பாதி வரைக்கும் பனி மேலேயே விட்டு வைப்பார், அவள் இப்போது மார்ச் பிறந்ததும் இழுத்து வந்துவிடுகிறாள்.

சூரியனே சில காலம் அதிகமாகச் சுடும், சில காலம் குறையும் என்றான் ஹர்லன். சூரியனையும் அளந்துதான் காட்டினார்கள், அது ஏறவில்லை, வெப்பம் மட்டும் ஏறுகிறது என்றாள் அவள். ஒரு ஏரியை வைத்து உலகத்தைப் பேசலாமா என்றான். பல தேசத்து ஏரிகளைக் காட்டினார்களே, நீ அப்போது பீன்ஸுக்கு மறுபடியும் வரிசையில் நின்றிருப்பாய் என்றாள்.

சனிக்கிழமைக்கு முன்னால் என்றால் வெர்ஜில் அந்த அம்மாள் பக்கம்தான் நின்றிருப்பான். கோடைக்கு வருகிறவர்களின் ஏரிக்கரை வீடுகளைப் பராமரிப்பது அவன் தொழில். குழாய்கள் உறையாமல் தண்ணீரை வடிக்கிற வேலை வருஷத்துக்கு வருஷம் தள்ளிப்போவதை அவன் கையே அறியும். போன நவம்பரில் இதே கடையில், இதே நாற்காலியில், “குளிர்காலம் நம்மள விட்டுப் போயிட்டிருக்கு” என்று சொன்னவன் அவன்.

இன்று அவன் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

“அந்தக் கோட்டுலயே ஓட்டை இருக்கு” என்றான்.

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். ஏரியைப் பற்றி வெர்ஜில் பேசினால் ஊர் கேட்கும்.

“அந்தக் காலத்துல அணைக்குப் போனது நீராவிப் படகு. இரும்பு மூக்கு. மெல்லிசு ஐஸை உடைச்சுக்கிட்டே போயிடும். நான் போறது தகரப் படகு. ரெண்டையும் ஒரே கோட்டுல வச்சுப் படம் போட்டா, அது என்ன அறிவியல்?”

ஹர்லன் மேசையைத் தட்டினான். “இதைத்தான் நான் மூணு நாளா சொல்லிட்டிருக்கேன்” என்றான், அவன் ஒரு தடவைகூடச் சொல்லாத விஷயத்தை. பேருந்து ஓட்டும் அம்மாள் மட்டும் வெர்ஜிலைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, கோப்பையைக் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு டிரக்கை ஓட்டி வரும்போது வெர்ஜிலுக்கு உள்ளுக்குள் ஒரு சூடு இருந்தது. நன்றாகக் காபி குடித்த சூடு மாதிரி. லோவெல் இருபத்தாறு வருஷமாகப் போட்ட கோட்டை ஒரே வாக்கியத்தில் அறுத்துவிட்டான்.

*

பள்ளி அன்றைக்கு அரை நாள். பதினேழு வயது ஹேட்டி சமையலறையில் சீஸ் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள். ரோவீனா, வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்க்கும் நர்ஸ், ரெண்டு வீட்டுக்கு நடுவே ஒரு வாய் சாப்பிட வந்திருந்தாள்.

நீராவிப் படகு விஷயத்தை வெர்ஜில் மகளிடம் சொன்னான். மனைவிக்குக் கேட்கும்படி சொன்னான்.

ஹேட்டி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். கொஞ்சம் யோசித்தாள்.

“அப்பா, நீராவிப் படகு ஐஸை உடைச்சுக்கிட்டுப் போச்சுன்னா, ஏரி முழுசா திறக்கறதுக்கு முன்னாடியே மணி அடிச்சிருப்பாங்க. இல்லையா?”

“ஆமா.”

“அப்போ நிஜமான தேதி அதுக்கும் அப்புறம்தானே? பழைய தேதியெல்லாம் இன்னும் தள்ளிப் போகும். கோடு இன்னும் செங்குத்தா இறங்கும். நீங்க அவருக்கு எதிராப் பேசல, அவர் கேஸையே பலப்படுத்திட்டு வந்திருக்கீங்க.”

ரோவீனா தலையைக் குனிந்து சூப்பைக் கலக்கினாள். அவள் சிரிப்பை அடக்குகிறாளா என்று வெர்ஜில் பார்த்தான். அடக்கினாள்தான். அந்தச் சிரிப்பு அல்ல, வேறு சிரிப்பு. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

“கடையில யாரும் இதைச் சொல்லல” என்றான்.

“கடையில நீங்க சொன்னா யார் எதிர்த்துப் பேசுவாங்க?” என்றாள் மகள். “ஏரி விஷயத்துல நீங்க சொல்றதுதானே கடைசி வார்த்தை.”

அப்போது ரோவீனாவின் போன் அதிர்ந்தது. திரையைப் பார்த்தாள். எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் பேசினாள். ஒளிந்து பேசவில்லை. ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே பேசியிருக்கலாம் என்று வெர்ஜிலுக்குப் பட்டது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். “லோவெல். ஐஸ் எப்படி இருக்குன்னு கேக்கிறான். கேமராவோட பேங்கர் டவுன்ல இருக்காங்களாம். வியாழக்கிழமை காலையில கனடா பக்கம் வேற ஏரிக்குப் போயிடுவாங்க. அதுக்குள்ள நம்மது திறந்தா இங்க வரேங்கிறான்.”

“நீ என்ன சொன்ன?”

“என் புருஷன் மணி அடிச்சாத்தான் திறந்ததா அர்த்தம்னு சொன்னேன்.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல.”

வியாழக்கிழமை காலை. வெர்ஜில் தட்டைப் பார்த்துக்கொண்டே மனதுக்குள் அளந்தான். இன்றைக்கும் நாளைக்கும் ஏரி மூடியிருந்தால் போதும்.

*

மூன்று மணிக்குக் காற்று ஏறியது. கரையிலிருந்து பார்க்கும்போதே பனி மொத்தமாக நகர ஆரம்பித்தது. பெரிய பெரிய பாளங்கள் கிழக்குக் கரையில் ஏறி, நொறுங்கி, குவிந்தன. அரை மணி நேரத்தில் நடு ஏரி நீலமாகிவிட்டது. எங்கிருந்தோ ஒரு ஜோடி நீர்ப்பறவைகள் வந்து இறங்கின. தண்ணீர் கிடைத்த அன்றைக்கே அவை வந்துவிடும். யார் சொல்லி அனுப்புகிறார்களோ தெரியாது.

படகுத்துறையில் ஹர்லனும் இன்னும் நாலைந்து பேரும் கூடிவிட்டார்கள். தீயணைப்பு நிலையத்துக்கு நிதி சேர்க்க வருஷா வருஷம் ஏரி திறக்கும் தேதியை ஊகிக்கும் பந்தயச் சீட்டு விற்பார்கள். மார்ச் பதினாறுக்கு யாருமே சீட்டு எடுக்கவில்லை என்று ஹர்லன் சிரித்துக்கொண்டிருந்தான்.

வெர்ஜில் யாரிடமும் பேசாமல் படகைத் தள்ளினான். மோட்டார் ரெண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.

நடு ஏரியைத் தாண்டும் வரை ஒரு துண்டு பனிகூட எதிரில் வரவில்லை. ஏரி ஓரிடத்தில் இடுப்பு மாதிரி சிறுத்து, ரெண்டு பக்கமும் பாறையாக இருக்கும். அதை ஊரில் இடுக்கு என்பார்கள். எந்த வருஷமும் பனி கடைசியாக விடுவது அங்கேதான். ரோவீனாவின் அப்பா ஒருமுறை இடுக்கில் ஒரு கீற்றுப் பனி பாக்கி இருந்ததற்காக ஒரு வாரம் மணி அடிக்காமல் இருந்தார். ஊரே கெஞ்சியும் அடிக்கவில்லை. “நான் போக முடியாத இடத்துக்குப் போனேன்னு சொல்ல மாட்டேன்” என்பார்.

இடுக்கில் வெர்ஜில் மோட்டாரைக் குறைத்தான்.

வலது பாறையை ஒட்டி ஒரே ஒரு பனிப்பாளம் ஒதுங்கியிருந்தது. சாப்பாட்டு மேசை அளவு. படகு போக இந்தப் பக்கம் தாராளமாக வழி இருந்தது. இருந்தாலும் துடுப்பை நீட்டி அதைத் தொட்டான். அழுத்தக்கூட இல்லை. பாளம் நீள நீள ஊசிகளாகப் பிரிந்து, கண்ணாடி வளையல்கள் சரிவது போன்ற ஓசையோடு தண்ணீரில் கரைந்தது.

அப்புறம் அணை வரைக்கும் வெறும் அலை.

அவன் உட்கார்ந்திருந்தான். மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. இன்னும் ரெண்டு நிமிட ஓட்டம். அணைச் சுவரைத் தொட்டுத் திரும்பினால் மணி. மணி அடித்தால் லோவெல். கேமராவுக்கு முன்னால் அவன் படகுத்துறையில் நிற்பான், ரோவீனா பக்கத்தில் நிற்பாள், ஒருவேளை அந்தத் தொப்பியைக்கூட எங்கேயாவது பத்திரமாக வைத்திருப்பாள். கயிறு பிடிக்க வெர்ஜில் இருப்பான். எப்போதும் போல.

அணை வரைக்கும் போனால்தானே திறந்ததாக அர்த்தம், என்று அவன் தனக்குத்தானே சொன்னான். நான் அணை வரைக்கும் போகவில்லை.

படகைத் திருப்பினான்.

துறையில் ஹர்லன் கயிற்றைப் பிடித்தான். “என்னப்பா?”

“இடுக்குல இன்னும் இருக்கு” என்றான் வெர்ஜில்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு என்று கேட்கவில்லை, எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு ஒவ்வொருவராக டிரக்கில் ஏறினார்கள். அவன் சொல்லிவிட்டான், அவ்வளவுதான். யாராவது ஒருத்தன் சந்தேகப்பட்டிருந்தால் அவனோடு சண்டை போட்டாவது இருக்கலாம். ஹர்லன் மட்டும் அவன் தோளைத் தட்டி, “சினிமாக்காரனுக்கு நாளைக்கும் வேலையில்ல” என்றான்.

வெர்ஜில் படகைக் கட்டினான். முடிச்சு ரெண்டு முறை அவிழ்ந்தது.

*

ரோவீனா ஐந்தரைக்கு வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. மேசைக்கு எதிரில் நின்றாள். ஹேட்டி மாடியில் இருந்தாள், பாட்டுச் சத்தம் கேட்டது.

“மணிச் சத்தம் கேக்கலையே” என்றாள்.

“இடுக்குல இன்னும் இருக்கு.”

அவள் கையுறைகளைக் கழற்றி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள்.

“நாலு மணிக்கு நான் அணைச் சாலையில இருந்தேன். அந்தப் பக்கத்துப் பெரியவருக்குக் கால் புண்ணுக்குக் கட்டு மாத்தணும், உனக்குத் தெரியுமே. சுவர் பக்கத்துல வண்டிய நிறுத்திட்டு இறங்கிப் பார்த்தேன். இடுக்கு வரைக்கும் ஒண்ணுமில்ல. உன் படகு வந்துச்சு. கையை ஆட்டினேன்.”

வெர்ஜில் கையுறைகளைப் பார்த்தான்.

“நீ பார்க்கல. துடுப்பால எதையோ தொட்ட. அப்புறம் ரொம்ப நேரம் உக்காந்திருந்த. மோட்டார் போச்சோன்னு பயந்துட்டேன்.”

“ரோவீனா…”

“ஏன்னு கேக்க வரல” என்றாள். குரல் உயரவில்லை. “எனக்குத் தெரியும் ஏன்னு. மூணு நாளா வீட்டுல ஒருத்தரும் மூச்சு விட முடியல. அந்தப் படத்துல வந்த ஆதாரத்தோட நீ சண்டை போடலாம், அது உன் இஷ்டம். தப்பா இருந்தா தப்புன்னு சொல்லு. ஆனா நீ இன்னைக்குப் பண்ணது வாதம் இல்ல. எங்கப்பா மணியில கைய வச்சுட்ட.”

“உங்கப்பா மணி” என்றான் வெர்ஜில். “அவனுக்கு ரெண்டு வருஷத்துல கொடுத்தார். எனக்குச் செத்த பிறகு கொடுத்தார்.”

அவள் அவனையே பார்த்தாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது. புகைப்படத்தைத்தான் எதிர்பார்த்திருப்பாள்.

“அதுவா” என்றாள் கடைசியில். “அதைப் பத்தி நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. இப்ப இல்ல. இருட்ட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. கிளம்பு.”

“எங்க?”

“அணைக்கு. நானும் வரேன்.”

*

அவள் படகின் முன்பக்கம் அவனைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். கோட்டுக் காலரை உயர்த்தியிருந்தாள், தலையில் ஒன்றுமில்லை. காற்று அடங்கியிருந்தது. இடுக்கில் அந்தப் பனிப்பாளம் இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. வெர்ஜில் அந்தப் பக்கம் பார்க்காமல் கடந்தான்.

அந்த இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் அவள் இப்படித்தான் முன்னால் நடந்திருப்பாளோ, லோவெல் பின்னால் வந்திருப்பானோ என்று அவன் நினைத்தான். இப்போது பின்னால் இருப்பது தான்தான் என்று நினைத்ததும் ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. அந்த சந்தோஷத்தைப் பார்த்து வெட்கமும் வந்தது. ரெண்டும் ஒன்றையொன்று விரட்டவில்லை, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன.

அணைச் சுவரைத் துடுப்பால் தொட்டான். ஈரக் கல்லின் சத்தம் வந்தது. ரோவீனா திரும்பி அவனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

திரும்பும் வழியில் அவள் சொன்னது ஒன்றே ஒன்று. “நாளைக்கு ஹர்லன்கிட்ட என்ன சொல்லப்போற?”

“மத்தியானமே திறந்திருந்துச்சு, நான்தான் பாதியில திரும்பிட்டேன்னு சொல்றேன்.”

“சொல்லுவியா?”

“சொல்றேன்.”

அவள் அதை நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் கையைப் பின்னால் நீட்டி, அவன் முழங்காலில் ஒரு கணம் வைத்து எடுத்தாள்.

துறைக்கு வந்தபோது மேற்கில் ஒரு கோடு வெளிச்சம் பாக்கியிருந்தது. வெர்ஜில் படகைக் கட்டிவிட்டு மணிக்குக் கீழே போய் நின்றான். இந்த மணியை அடித்தால் லோவெலின் கோட்டில் இன்னொரு புள்ளி விழும், இதுவரை விழுந்ததிலேயே கீழான புள்ளி. அவனுடைய கையாலேயே. ஆதாரம் கேட்டவனுக்கு ஆதாரம். விழட்டும் என்று தோன்றியது. தண்ணீர் அங்கே இருக்கிறது. அதை யார் முதலில் சொன்னார்கள் என்பது தண்ணீருக்குத் தெரியாது.

கயிற்றைப் பிடித்தான். ஒன்று. ஏரிக்கு அந்தப் பக்கம் யாரோ வாசல் விளக்கைப் போட்டார்கள். ரெண்டு. மாமனாருக்கு இது கேட்கும் என்று ஏனோ தோன்றியது. மூன்று.

சத்தம் தண்ணீர் மேல் பரவிப் போய்த் தேய்ந்தது. மூன்று நாளில் முதல்முறையாக அவன் நெஞ்சு லேசானது. ரோவீனாவிடம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வண்டி படகுத்துறைச் சரிவில் இறங்கி நின்றது. விளக்கு அணைந்தது. நரைத்த தாடியும் உயரமுமாக ஒருவன் இறங்கினான். திரையில் பார்த்ததைவிட மெலிந்திருந்தான். கேமரா இல்லை, கூட யாரும் இல்லை. வெர்ஜிலைத் தாண்டி நேராக அவளைப் பார்த்துச் சிரித்தான்.

“ரோ” என்றான். அவர்கள் வீட்டில் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. “நீ சொன்ன மாதிரியே இருட்டறதுக்குள்ள மணி அடிச்சிடுச்சு பாரு.”

மத்தியானம் கேட்டபோது வேற ஒண்ணுமில்ல, என்றாளே.

ரோவீனா ஆச்சரியப்படவில்லை.

வெர்ஜிலின் கை இன்னும் கயிற்றை விட்டிருக்கவில்லை. அது தானாக இறுகியது, தானாக இழுத்தது. நூற்று முப்பது வருஷத்தில் அந்த மணி ஒருமுறையும் அடித்திராத நாலாவது அடி, ஏரி முழுக்கப் போய், ஊர் முழுக்கக் கேட்டது.